ஆங்கில எழுத்துக்கூட்டல்: மனனமா, விதியா?

ஆங்கில மொழியின் எழுத்துக்கூட்டலுக்கு ஒழுங்கும் இல்லை, நெறியும் இல்லை. அதனை நெட்டுருப் பண்ணுவதன்றி வேறு வழியில்லை என்பது எமது பாடசாலைகளிலே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு கொள்கை. ஆசிரியர் இதனை நம்புகின்றார், மாணாக்கர் நம்புகின்றனர், பெற்றோரும் நம்புகின்றனர். எல்லோரும் நம்புவதனால் மட்டும் ஒரு கொள்கை உண்மையாகிவிடாது. இக்கொள்கை தவறானது என்பதும், இத்தவற்றினாலே தமிழ்மொழி மூலம் கற்கும் எமது மாணாக்கர் வீணே துன்புறுகின்றனர் என்பதும், அதனைத் திருத்துதற்குரிய கருவி எமது தமிழிலக்கண வகுப்பிலேயே கிடக்கின்றது என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முயலும் கருத்துக்களாகும்.

முதலில் ஒரு காட்சி. யான் ஒன்பதாம் வகுப்பிற் கற்றபொழுது, 'தொடக்கம்' எனப் பொருள்படும் 'பிகினிங்' என்னும் சொல்லைச் சொல்வதெழுதலிற் பிழையாக எழுதினேன். நடுவில் வரவேண்டிய 'என்' என்னும் எழுத்து இரண்டுக்குப் பதிலாக ஒன்றே இட்டிருந்தேன். அச்சொல்லை ஐம்பது முறை எழுதி வருமாறு ஆசிரியர் பணித்தார். 'இம்பொசிசன்' என்று நாம் வழங்கும் அத்தண்டனையை நிறைவேற்றும் வழி எம் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்ததே. கொப்பியின் ஓரத்திலே முதலெழுத்தை மேலிருந்து கீழாக ஐம்பது முறை எழுதுதல். பின்னர் இரண்டாம் எழுத்தை ஐம்பது முறை எழுதுதல். இவ்வாறே இறுதி எழுத்து வரை. சுவர் கட்டும் மேசன் கல் அடுக்குவது போல எழுத்துக்களை அடுக்கினேன். ஐம்பது சொற்கள் எழுந்து நின்றன; ஒரு சொல்லையேனும் யான் எழுதவில்லை. அடுத்த கிழமை அதே சொல்லை மீண்டும் பிழையாகவே எழுதினேன். அவ்விடத்தில் 'என்' ஏன் இரட்டிக்கின்றது என்ற வினாவை ஆசிரியரும் எழுப்பவில்லை, யானும் எழுப்பவில்லை. வினா எழாத இடத்தில் அறிவு எங்ஙனம் எழும்?

இது என் ஒருவனது கதையன்று. இதனை வாசிக்கும் நண்பர் பலரும் தத்தம் கொப்பிகளை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பாராக.

பயனற்ற உழைப்பு

நெட்டுருவினால் விளையும் பயன் யாது என்பது புதிய வினாவன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்க நாட்டில், ஜோசப் மேயர் றைஸ் என்பார் இதனை 1897 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். எழுத்துக்கூட்டற் பயிற்சிக்கு அதிக நேரம் செலவிட்ட பாடசாலைகளின் மாணாக்கரும் குறைந்த நேரம் செலவிட்ட பாடசாலைகளின் மாணாக்கரும் அடைந்த தேர்ச்சியில் அந்நேரத்துக்கேற்ற வேறுபாடு இல்லை என்று அவர் கண்டார். அவர் தமது கட்டுரைக்கு இட்ட தலைப்பே எழுத்துக்கூட்டற் செக்கின் பயனின்மையைச் சுட்டுவதாக அமைந்தது. நூற்றாண்டொன்று கடந்த பின்னரும் நாம் அதே செக்கைச் சுற்றுகின்றோம். செக்கைச் சுற்றுவது மாடு; எண்ணெய் வராவிடின் அடி விழுவதும் மாட்டுக்கே.

இந்நாட்டுப் பாடசாலையில் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்புத் தொடக்கம் பதினோராம் வகுப்பு வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்கின்றது. ஒன்பது ஆண்டுகளின் முடிவிலே, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஒரு கடிதம் எழுதுதற்கு அஞ்சுகின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! சொல்ல வேண்டிய கருத்து அவர்களிடம் உண்டு. சொல்லும் ஓரளவு தெரியும். அதனை எழுத்திலே நிறுத்துதற்கு அஞ்சுகின்றனர். எழுதினால் பிழை வரும். பிழை வந்தால் சிரிப்பு வரும். எனவே எழுதாதிருப்பதே பாதுகாப்பு என்று கருதுகின்றனர். அவ்வச்சத்தைச் சுமந்துகொண்டே அவர்களுட் சிலர் பல்கலைக்கழகத்துட் புகுந்து, ஆங்கில வகுப்பிலே பின்வரிசையைத் தேடி அமர்கின்றனர்.

சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்றொரு பெயர் உண்டு. வாள் என்பது அதன் பொருள். தமிழ் மாணவர் அப்பெயரை வழங்காவிடினும் அவ்வாளின் கூர்மையை நன்கறிவர். வீட்டிலே ஆங்கிலம் பேசுவோரின் பிள்ளை எழுத்துக்கூட்டலைக் கதைப் புத்தகங்களைப் படித்துப் படித்துத் தானே பற்றிக்கொள்ளும். தோட்டத்து லயத்திலும், கடற்கரைக் கிராமத்திலும், வன்னியின் உட்புறத்திலும் பிறந்த பிள்ளைக்கு வகுப்பறை ஒன்றே வாயில். அவ்வாயிலிலே 'இதற்கு விதி இல்லை. மனனம் செய்' என்று எழுதி வைப்பது, புத்தகம் நிறைந்த வீட்டில் பிறவாதவன் இதனைக் கற்க முடியாது என்று எழுதி வைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே இது வெறும் எழுத்துப் பிழை பற்றிய பிரச்சினையன்று. நீதி பற்றிய பிரச்சினையாகும்.

ஒழுங்கின்மை என்னும் கட்டுக்கதை

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பழிப்போருக்கு ஆங்கிலேயரே துணை நின்றனர் என்பது உண்மை. நாடகாசிரியர் பேர்னாட் ஷா 1950 இல் மறைந்தபொழுது, புதிய நெடுங்கணக்கொன்றை ஆக்குதற்கெனத் தமது மரணசாசனத்திலே பணம் ஒதுக்கியிருந்தார். அந்நெடுங்கணக்கு ஆக்கப்பட்டு, அவரது நாடகமொன்று 1962 இல் அவ்வெழுத்துக்களில் அச்சிடவும்பட்டது. அதனை இன்று வாசிப்போர் அரியர். பழைய எழுத்துக்கூட்டல் நிலைத்து நிற்கின்றது. ஒரு பொருள் இவ்வளவு காலம் நிலைத்தமைக்குக் காரணம் மூடப்பழக்கம் மட்டுமே எனக் கொள்ளுதல் பொருந்தாது.

26 எழுத்துக்களைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைக் குறிக்க வேண்டிய நிலை ஆங்கிலத்துக்கு உண்டு. கக்ஸ்ரன் 1476 இல் வெஸ்ற்மின்ஸ்ரரிலே அச்சுக்கூடம் நிறுவிய பின்னர் எழுத்து வடிவம் படிப்படியாக உறைந்தது. ஆனால் அக்காலத்தையொட்டிய இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் நெட்டுயிர்களின் ஒலிப்பு முற்றாக மாறியது. ஒலி நடந்து சென்றது, எழுத்து நின்றுவிட்டது. இரவைக் குறிக்கும் 'நைற்' என்னும் சொல்லின் நடுவே ஊமையாய் நிற்கும் 'ஜி', 'எச்' இரண்டும் ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலிக்கப்பட்டவை. கடனைக் குறிக்கும் 'டெற்' என்னும் சொல்லில் 'பி' என்னும் எழுத்து ஒருபோதும் ஒலித்ததில்லை. இலத்தீன் மூலத்தை நினைவூட்டக் கற்றோர் இடையிலே செருகியது அது. தீவைக் குறிக்கும் சொல்லில் உள்ள 'எஸ்' அவ்வாறு தவறான மூலத்தை எண்ணிச் செருகப்பட்டது. இவ்வரலாற்றை இரண்டு நிமிடத்திற் கூறினால் பிள்ளை அச்சொற்களை மறவாது. நாமோ கதையைக் கூறாது, பிரம்பைக் காட்டுகின்றோம்.

இத்தகைய சொற்கள் மொழியின் பெரும்பகுதியா என்பதே வினா. 1966 இல் அமெரிக்காவிலே ஹனாவும் அவருடன் சேர்ந்தோரும் 17,000 சொற்களுக்கு மேல் எடுத்து, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு பற்றிய விதிகளை மட்டும் கணனிக்கு ஊட்டி, அச்சொற்களை எழுதச் செய்தனர். ஏறத்தாழ 50 சதவீதமான சொற்கள் பிழையின்றி வந்தன. மேலும் ஏறத்தாழ 37 சதவீதமானவை ஒரேயொரு பிழையுடன் வந்தன. அவ்விதிகள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றையெல்லாம் பிள்ளைக்கு ஊட்டுமாறு யாம் கூறவில்லை. ஆனால் சொல்லின் பொருளும் பகுதி விகுதியும் அறியாத இயந்திரமே ஒலி விதி கொண்டு இவ்வளவு செய்யுமாயின், பகுதி விகுதி அறியும் பிள்ளை இன்னும் கூடுதலாகச் செய்யாதா? கையொப்பமிடுதலைக் குறிக்கும் 'சைன்' என்னும் சொல்லில் 'ஜி' ஊமை. கையொப்பத்தைக் குறிக்கும் 'சிக்னேச்சர்' என்னும் சொல்லில் அதே 'ஜி' வாய் திறக்கின்றது. இரண்டும் உடன்பிறந்தவை என்பதை எழுத்துக் காட்டுகின்றது, ஒலி மறைக்கின்றது. ஒழுங்கின்மை என நாம் கண்டது, சொற்களின் குடும்ப உறவு காட்டும் ஒழுங்கே எனலாம்.

தமிழில் எழுதுவதையே ஒலிக்கின்றோம், ஒலிப்பதையே எழுதுகின்றோம் என்று பெருமை பேசுவோரும் சற்றே நிதானித்தல் வேண்டும். கடல், மகன், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. யாழ்ப்பாணத்தார் நாவிலே ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. எனினும் மழையை மழை என்றே எழுதுகின்றோம். சூழலறிந்து ஒலிக்கவும், மரபறிந்து எழுதவும் எமது பிள்ளை ஏற்கெனவே பழகியுள்ளது.

எமது கையிலிருக்கும் திறவுகோல்

ஈண்டு இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவாம். சொல்லோடு சொல்லும் சொல்லோடு உருபும் புணரும்போது நேரும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்பதை இடைநிலை வகுப்பிலேயே எமது பிள்ளைகள் கற்கின்றனர். ஆங்கிலத்தில் விகுதி சேரும்போது மாணாக்கர் இழைக்கும் பிழைகளை எடுத்து நோக்கின், அவையும் இம்மூன்றனுள்ளே பெரும்பாலும் அடங்குதல் காணலாம்.

கெடுதலை முதலில் நோக்குவாம். பந்து என்னும் சொல்லோடு ஐயுருபு சேர்ந்தால் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டுப் பந்தை என வரும். கள் விகுதி சேர்ந்தால் கெடாது பந்துகள் என நிற்கும். வருவது உயிராயின் கெடும், மெய்யாயின் நிற்கும். இனி, நம்பிக்கையைக் குறிக்கும் 'ஹோப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் ஊமையாக நிற்கும் 'ஈ' என்னும் எழுத்தை நோக்குக. 'ஐ' என்னும் உயிரெழுத்தில் தொடங்கும் 'இங்' விகுதி வந்தால் அது கெடும். 'எவ்' என்னும் மெய்யெழுத்தில் தொடங்கும் 'புல்' விகுதி வந்தால் நிற்கும். விதி அதுவே, நிலம்தான் வேறு.

அடுத்துத் தோன்றல். கல் என்பது இல் உருபோடு சேரக் கல்லில் என இரட்டிக்கும். கால் என்பதோ காலில் என இரட்டாது நிற்கும். தனித்த ஒரு குற்றெழுத்தை அடுத்து நிற்கும் மெய், உயிர் வந்தால் இரண்டாகும் என்பது நன்னூலார் கூறும் நெறி. ஆங்கிலத்தில் நீந்துதலைக் குறிக்கும் 'ஸ்விம்' குறிலுடையது. 'இங்' சேர 'எம்' இரட்டிக்கும். கனவு காணுதலைக் குறிக்கும் 'ட்ரீம்' நெடிலுடையது, 'எம்' இரட்டாது. மகன் என்பது இரண்டு எழுத்துக்கு மேற்பட்டதாதலின் மகனை என இரட்டாது நிற்பது போல, திறத்தலைக் குறிக்கும் 'ஓப்பின்' என்னும் ஈரசைச் சொல்லும் இரட்டாது. அங்ஙனமாயின் யான் ஐம்பது முறை எழுதிய அச்சொல் மட்டும் ஏன் இரட்டித்தது? அதன் ஈற்றசையில் அழுத்தம் விழுகின்றது. 'ஓப்பின்' என்பதில் முதலசையில் விழுகின்றது. தமிழிலக்கணம் எமக்குத் தாராத செய்தி இவ்வழுத்தம் ஒன்றே. அதனை மட்டும் ஆசிரியர் புதிதாகக் கற்பித்தால் அமையும். ஐம்பது முறை எழுதிப் பெறாத அறிவு அரை நிமிடத்திற் கிடைத்திருக்கும்.

மூன்றாவது திரிதல். பொன் என்பது குடத்தோடு சேரப் பொற்குடம் ஆவது போல, நகரத்தைக் குறிக்கும் 'சிற்றி' என்னும் சொல்லின் ஈற்று 'வை', பன்மை விகுதி சேர 'ஐ' எனத் திரியும். முன்னால் மெய்யிருந்தாலே இத்திரிபு; சிறுவனைக் குறிக்கும் 'போய்' என்னும் சொல்லிற் போல உயிர் இருந்தால் திரிபில்லை. நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் நோக்கி முடிவு செய்தல் என்பது புணரியல் எமக்குத் தந்த மனப்பழக்கம். இதனைக் காட்டிலும் ஏற்ற ஆயத்தம் எம்மொழி மாணாக்கருக்கு உண்டோ?

இவ்வொப்புமை முற்றொப்புமை அன்று என்பதையும் கூறவேண்டும். கல்லில் என்பதில் லகரம் உண்மையாகவே இரட்டித்து ஒலிக்கின்றது. ஆங்கிலத்தில் ஒலி இரட்டுவதில்லை. முன்நிற்கும் உயிர் குறில் என்பதற்கு அடையாளமாக எழுத்து மட்டும் இரட்டிக்கின்றது. இரு மொழிகளும் ஒரு தாயின் மக்கள் என்றோ, ஒன்றிலிருந்து மற்றையது பெற்றது என்றோ யாம் கூறவில்லை. அத்தகைய வீண் பெருமை எமக்கு வேண்டாம். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைத் தெளிவித்தல் என்னும் ஆசிரிய நெறியையே கூறுகின்றோம்.

தொண்டர் ஆசிரியனாகச் சில மாதம் யான் கற்பித்த ஒரு வகுப்பிலே, 'ஸ்விம்', 'ட்ரீம்' போன்ற இருபது சொற்களைக் கரும்பலகையில் இரு நிரலாக எழுதி, வேறுபாட்டைக் காணுமாறு கூறினேன். சற்று நேரம் அமைதி. பின்னர், பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "கல்லில், காலில் மாதிரியோ சேர்?" என்று வினவினாள். யான் ஆயத்தம் செய்து வந்த விளக்கம் முழுவதும் அவ்வொரு வினாவின் முன் வேண்டாததாயிற்று. அவ்வகுப்பில் அன்று கற்றவன் யானே.

எதிர்வாதங்கள்

ஆங்கில வகுப்பில் தமிழ் வாடை வீசலாகாது என்பார் சிலர். பிள்ளையின் தலையுள் இருக்கும் மொழியை வகுப்பறைக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்ல எவராலும் இயலாது. நாவலர் பெருமானை நினைக. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்று இரு மொழிகளையும் ஆண்ட அவரே, நன்னூலுக்குக் காண்டிகையுரையும் மாணாக்கருக்கு இலக்கணச் சுருக்கமும் செய்தார். ஒரு மொழியின் தெளிவு மற்றதற்குத் தடையென்று அவர் கருதவில்லை.

தொடர்பாடலே முக்கியம், எழுத்துக்கூட்டல் அற்பம் என்பார் வேறு சிலர். நெட்டுருவை வெறுத்து எழுந்த இக்கருத்து, நோயை வெறுத்து நோயாளியைக் கைவிடுவது போன்றது. நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞனைப் பிழை கண்டு ஒதுக்கும் அலுவலர், தொடர்பாடல் கொள்கையைப் படித்துவிட்டு ஒதுக்குவதில்லை. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பது பாலமாயின், அப்பாலத்தின் படிக்கட்டுக்களை ஏழைப் பிள்ளைக்கு அற்பமென்று கூறி அகற்றுதல் நியாயமன்று.

கைத்தொலைபேசியே பிழை திருத்துகின்றதே என்பது இக்காலத்தவர் வாதம். பரீட்சை மண்டபத்தில் அது இல்லை. இருக்குமிடத்திலும், பிழையாக எழுதிய சொல் வேறொரு சரியான சொல்லாக அமைந்துவிடின் அது பெரும்பாலும் மௌனம் சாதிக்கும். மண்டபத்தைக் குறிக்கும் சொல்லும் துவாரத்தைக் குறிக்கும் சொல்லும் எம்மிற் பலர் நாவில் 'ஹோல்' என ஒன்றாகவே ஒலிப்பன. மண்டபத்திற் கூட்டம் என்று எழுத எண்ணியவன் துவாரத்திற் கூட்டம் என்று எழுதினால் இயந்திரம் அவனைக் காக்குமென நம்பியிருத்தல் பேதைமை. அன்றியும் 1828 இல் வெப்ஸ்ரர் வெளியிட்ட அகராதியின் வழிவந்த அமெரிக்க வடிவத்தையே அது பலவிடத்தும் சரியெனக் காட்டும். எமது பாடநூல் பிரித்தானிய வடிவத்தைக் கூறும். இரண்டுக்குமிடையே பிள்ளை தடுமாறும்.

விதிவிலக்குகள் மிகுதி என்பது இறுதி வாதம். உண்டு, மறுக்கவில்லை. நண்பனைக் குறிக்கும் 'பிரெண்ட்', சொன்னான் எனப் பொருள்படும் 'செட்', ஒன்று, இரண்டு என்னும் எண்களைக் குறிக்கும் சொற்கள் ஆகியன நினைவிலேயே நிறுத்தப்பட வேண்டியவை. நினைவாற்றலை யாம் இகழவில்லை. அதனை வேண்டாத சுமையினின்று விடுவித்து, வேண்டிய சில நூறு சொற்களுக்கு ஒதுக்குக என்கின்றோம். எல்லாவற்றையும் மனனம் செய்யப் புகுந்தவன் எதனையும் மனனம் செய்யான்.

செய்யத்தக்கன

குறை கூறி அமைதல் எளிது. ஆதலின் செய்யத்தக்க சிலவற்றைக் கூறி முடிப்பாம்.

முதலாவது, தொடர்பற்ற பத்துச் சொற்களைக் கொடுத்து மறுநாள் கேட்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். ஒரே அமைப்புடைய இருபது சொற்களையும் அவற்றினின்று மாறுபட்ட சிலவற்றையும் கலந்து கொடுத்து, மாணாக்கரே வகுத்து, விதியைத் தம் வாயாற் கூறச் செய்தல் வேண்டும். தானே கண்ட விதியைப் பிள்ளை எளிதில் மறவாது.

இரண்டாவது, பயிற்சி சிறிதாயும் அடிக்கடியும் அமைதல் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஒருமணி நேரம் என்பதிலும், கிழமைக்கு நான்கு நாள் பத்து நிமிடம் என்பது நன்று. சொல்வதெழுதல் தனிச்சொல்லாகவன்றி வாக்கியமாக நிகழ்தல் வேண்டும். விகுதி வாக்கியத்திலேதான் பிறக்கின்றது.

மூன்றாவது, பிழைகளை எண்ணுவதை விடுத்து வகைப்படுத்துதல் வேண்டும். விதி அறியாப் பிழை, ஒலி வேறுபாடு அறியாப் பிழை, நினைவுப் பிழை என மூன்றாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பது புலனாகும். எல்லா நோய்க்கும் ஐம்பது முறை எழுதுதலே மருந்தென்பவன் வைத்தியனல்லன்.

நான்காவது, ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். பாடம் பற்றி உரையாடுவதில்லை. புணரியல் நடக்கும் தவணையிலேயே விகுதிப் பயிற்சியும் நடக்குமாறு அவ்விருவரும் ஒருநாள் கூடித் திட்டமிட்டாற் போதும். இதற்குச் சுற்றுநிருபமும் வேண்டாம். நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஆசிரியப் பயிற்சி தரும் கலாசாலைகளும் பல்கலைக்கழகக் கல்வித்துறைகளும் இவ்வொப்பீட்டுக்கு ஓரிரு விரிவுரைகளை ஒதுக்குதல் பெரிய காரியமன்று.

இறுதியாக, இதனை வாசிக்கும் மாணவ நண்பர்க்கு ஒரு சொல். உங்களுட் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருக்கின்றீர்கள். உமது முதல் வகுப்பிலே ஒரு பிள்ளை 'என்' ஒன்று குறைய எழுதியிருக்கும். அன்று உமது கை, உம்மை வளர்த்த பழக்கத்தினால், 'ஐம்பது முறை' என்று எழுதத் துடிக்கும். அக்கையைச் சற்றே நிறுத்துக. கல்லில், காலில் என்று இரு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அப்பிள்ளையை நோக்கி ஏன் என்று கேட்க. விதியே என்று நொந்துகொள்வதற்கும் விதியை அறிந்துகொள்வதற்கும் இடையேயுள்ள தூரம் அவ்வொரு வினாவே.